அக்காவின் சார்பாக

9 மார்ச் 2025, ஞாயிறு

முதலில் ஒரு மன்னிப்பு. டைரியில் எழுதுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. ஹார்பரில் ஏதோ ஏஜென்ட் ஆபீஸில் கொடுத்தார்கள் என்று சைமன் அண்ணன் ஜனவரியில் இதைக் கொண்டுவந்து போட்டான். அட்டையில் ஒரு கப்பல். அம்மா அதன்மேல் குழம்புச் சட்டியை இறக்கி வைத்து, கப்பலின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. பெரிய மனிதர்கள் எழுதுவார்கள், நமக்கென்ன என்றுதான் தொடாமல் இருந்தேன். இப்போது பேச ஆளில்லை. பொறுத்துக்கொள், கப்பலே.

பூசை முடிந்து அக்காவுக்குச் செருப்பு வாங்க எம்.சி. ரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். புடவைக்குக் கீழே தெரிந்த செயற்கைக் காலைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "அவங்களுக்கு இன்னா சைசும்மா?" என்றார். அக்கா அவருக்கு நேர் எதிரேதான் நிற்கிறாள். காது இரண்டும் நன்றாகவே கேட்கும். நான் "ஆறு" என்றேன். போட்டுப் பார்த்தால் குதிகால் வெளியே நிற்கிறது.

"ஏழுண்ணே" என்றாள் அக்கா.

கடைக்காரர் ஏழாம் நம்பரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

12 மார்ச், புதன்

நான் வேலை செய்கிற கடையில் நாளெல்லாம் ஜெராக்ஸ். கெமிஸ்ட்ரி படித்த கை, பச்சை பட்டனை அமுக்கி அமுக்கி மரத்துவிட்டது. தூக்கம் வருகிறது.

14 மார்ச், வெள்ளி

கோவிலில் சிலுவைப்பாதை. ஒவ்வொரு ஸ்தலத்திலும் எல்லோரும் மண்டியிட, அக்கா மட்டும் நின்றாள். நான் மண்டியிடவா, அவளோடு நிற்கவா என்று தெரியாமல் பாதி குனிந்தபடியே இருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

வெளியே வந்ததும் வழக்கம்போலத் தெருப் பெண்கள் என் கன்னத்தை வழித்தார்கள். "நீதான்டி அவளுக்குக் காலு. உனக்கு மோட்சத்துல எடம் போட்டு வெச்சிருப்பாரு." சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். எனக்கு ஏன் கல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது?

மூன்று வருடம் ஆகிறது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி. வண்டி ஓட்டியது ஜெபின் மாமா, அக்கா புருஷன். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. தையல் பிரிக்கும்வரை மாமா இருந்தார். பிறகு தூத்துக்குடியில் போட் வேலை என்று போனார். பிறகு நம்பர் மாறிவிட்டது. தெருவில் என்ன சொன்னார்கள்? "வயசுப் பையன், பாவம், எத்தினி நாளிக்கிப் பாத்துகினு இருப்பான்?"

அதே தெருவில்தான் சிலுவைமுத்து மாமா இருக்கிறார். கப்பலைக் கட்டுகிற கயிறு அறுந்து அடித்ததில் அவருக்கும் வலது கால் இல்லை. அவர் மனைவி ரேச்சல் அத்தை அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, கோவிலுக்கு அழைத்து வருகிறாள். வயசுப் பெண், எத்தனை நாளைக்கு என்று ஒருவரும் அவளைப் பார்த்துச் சொன்னதில்லை.

அக்கா செயற்கைக் காலுக்கு "மாப்ள" என்று பெயர் வைத்திருக்கிறாள். "புது மாப்ள தேவலடி. கழட்டி வெச்சா வெச்ச எடத்துலயே நிப்பாரு. தூத்துக்குடிக்கெல்லாம் ஓட மாட்டாரு."

19 மார்ச், புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. குடங்களோடு காத்திருக்கையில் ரேச்சல் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திடீரென்று, "என்னிய எல்லாரும் தெய்வம்ன்றாங்க ரூத்து. தெய்வத்துக்கு இடுப்பு நோவாதா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"நீயாச்சும் சின்னப் பொண்ணு. படிச்சிருக்க. சிலையா நின்னுடாத."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு எப்போதும் பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்.

22 மார்ச், சனி

கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. தண்ணீர் பரிசோதிக்கிற லேப். போன மாதம் திருவொற்றியூரில் அஜீசா வீட்டில் உட்கார்ந்து, அவள் லேப்டாப்பில் இன்டர்வியூ கொடுத்தேன். அஜீசா என்னோடு கல்லூரியில் படித்தவள். என்னை எடுத்துவிட்டார்களாம். மே ஐந்தாம் தேதி சேர வேண்டும், ஈஸ்டர் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் உண்டு.

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு "தேங்க்யூ மேடம்" என்று மட்டும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சாயங்காலம் படியிறங்கும்போது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருப்பது ஹவுசிங் போர்டு வீடு, முதல் மாடி. படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி கிடையாது. உப்புக்காற்றில் துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டது. அந்தக் கை என் தோளில் இருக்கும்போது கோயம்புத்தூர் என்ற சொல்லே வாயில் வராது.

30 மார்ச், ஞாயிறு

அஜீசா வீட்டுக்குப் போனேன். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று. ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் தொண்டை கரகரக்கிறது. "சொல்லிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "உங்க அக்கா கைல கேட்டியா, அவங்க இன்னா நெனைக்கிறாங்கன்னு?"

கேட்கவில்லை. அவளிடம் என்ன கேட்பது? கஷ்டப்படுவாள்.

6 ஏப்ரல், ஞாயிறு

ஐயோ. என்ன செய்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி, ஃபாதர் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார் அல்லவா, ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் பெயர் கொடுக்க வேண்டும். எங்கள் தெருக் குடும்பங்களின் அன்பியத்துக்குப் பொன்ராஜ் மாமாதான் தலைவர். பூசைக்குப் பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ரூத்து, இந்த வருசம் நம்ம அன்பியத்துல ஒன் பேர குடுத்திருக்கேன். மாற்றுத்திறனாளிங்களுக்கு மரியாதை பண்ணணும்னு ஃபாதர் ஆசப்படறாரு. எப்பவும் போல நம்ம சிலுவைமுத்து கீறாரு. பொம்பளைங்கள்ல ஒருத்தர் வேணும். ஒங்க அக்காதான். ஆனா அதுக்குக் கால் இல்லியே. அதான் நீ."

எனக்குப் புரியவில்லை. விழித்தேன்.

"நீதானம்மா அதுக்குக் காலு? ஒன் கால கழுவினா அது கால கழுவின மாதிரி. இன்னா சொல்ற?"

அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. "சரி மாமா" என்றேன்.

அக்காவுக்கு இன்னொரு கால் இருக்கிறதே! இது எனக்கு எப்போது தோன்றியது? வீட்டுக்கு வந்து, அவள் புதுச் செருப்பைப் பார்த்த பிறகு. ஏழாம் நம்பர், இடது கால்.

9 ஏப்ரல், புதன்

அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாதது இரண்டாகிவிட்டது.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

பூசையில் எல்லோர் கையிலும் குருத்தோலை. அக்கா ஓலையை மடித்துச் சின்னச் சிலுவை செய்துகொண்டிருந்தாள். நன்றாகச் செய்வாள். கடைசியில் பொன்ராஜ் மாமா மைக்கில் பெயர்களை வாசித்தார். "மாற்றுத்திறனாளியான அடைக்கலமேரியின் சார்பாக, அவருக்குக் காலாக விளங்கும் அன்புத் தங்கை ரூத்." கைதட்டினார்கள். கோவிலுக்குள் கைதட்டினார்கள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடித்த சிலுவையை மெதுவாகப் பிரித்து மறுபடியும் ஓலையாக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து காலைக் கழற்றிக் கதவோரம் சாய்த்தாள். அதனிடம் பேசினாள். "கேட்டியா மாப்ள? நம்ம சார்பா ரூத்து கால கழுவறாங்களாம். என்கிட்ட இன்னோர் காலு கீதே, அது இன்னா பாவம் பண்ணுச்சாம்?"

"உனக்காகத்தானக்கா" என்றேன்.

"நான் கேட்டனா?"

நான் கேட்டனா – அதச் சொன்னதும் எனக்குள்ள என்னமோ பிச்சிகினுச்சு. நான் மட்டும் கேட்டனா? என்ன யாராச்சும் கேட்டாங்களா? மூணு வருசமா எல்லாரும் கன்னத்த வழிச்சி வழிச்சே என்ன எங்கியும் போவ வுடாம பண்ணிட்டாங்க. கத்தினேன். நான் கத்தி வீட்டில் யாரும் கேட்டதில்லை. கோயம்புத்தூர் வேலையைச் சொன்னேன். சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன். உன்னை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்றுகூடச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

சைமன் அண்ணன் மொபைலிலிருந்து தலையைத் தூக்கி, "நீ பூட்டா இவள யாரு பாத்துக்கறது?" என்றான்.

"ஏன், நீ இன்னா விருந்தாளியா?" என்றாள் அக்கா.

அம்மா உடனே, "ஆம்பளப் புள்ள, அவனுக்கு இன்னாடி தெரியும்?"

"இன்னா தெரியணும்? நான் குளிக்கிறேன், துணி தொவைக்கிறேன், ஒனக்கும் சேத்து சோறாக்குறேன். மிஷின்ல ஒக்காந்து ஊரு ஜாக்கெட்டெல்லாம் தெக்கிறேன். எனக்குப் பேஜாரே அந்தப் படிக்கட்டு ஒண்ணுதான். கம்பி ஒடிஞ்சி உழுந்து எத்தினி வருசமாவுது? ஹார்பர்ல நாளெல்லாம் இரும்போட கீற. ஒரு பைப்பு கெடைக்கல ஒனக்கு?"

"நீ கேக்கவே இல்லியே" என்றான் அண்ணன்.

அக்கா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "கேட்டா இவ மூஞ்சி சுருங்கிடும். நம்ம தோள வுட்டுட்டுக் கம்பியப் புடிக்கிறாளேன்னு நெனப்பா. இவளுக்கு வேற இன்னா கீது, அது ஒண்ணுதான் பெரும. அதான் கேக்கல."

யாரும் சாப்பிடவில்லை. இல்லை, அண்ணன் சாப்பிட்டான்.

14 ஏப்ரல், திங்கள்

கடை லீவு. அக்கா பேசவில்லை. நானும்.

அவளுக்கு நான் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு இரக்கப்பட்டு, கம்பி கேட்காமல் இருந்திருக்கிறாள். எத்தனை முறை அந்தப் படியில் என் நடைக்காக அவள் தன் நடையை மெதுவாக்கியிருப்பாள்?

15 ஏப்ரல், செவ்வாய்

சாயங்காலம் கோவிலுக்குப் போனேன். பொன்ராஜ் மாமா பந்தல்காரர்களோடு நின்றுகொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். போனபிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். அவரே, "இன்னாம்மா?" என்றார்.

"அக்காதான் உக்காரும் மாமா. நான் உக்கார மாட்டேன்."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வாக்கியம்.

மாமா சங்கடப்பட்டார். "கோச்சிக்காத. பொம்பளப் புள்ள, பொடவைய தூக்கினா அந்தக் கட்டக் காலு தெரியும். பாக்கறவங்க மனசு கஷ்டப்படும். ஒங்க அக்காவ நாலு பேரு வேடிக்க பாக்கணுமா? அதுவுமில்லாம எல்லாரும் வலது கால நீட்டறதுதான் வழக்கம்."

மைக்கில் மாற்றுத்திறனாளி. மைக் இல்லாதபோது கட்டைக் கால்.

வழக்கம்போல எனக்குப் பதில் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும் என்று நினைத்தேன். ஆனால் பீடத்துக்குக் கீழே பெருக்கிக்கொண்டிருந்த ரேச்சல் அத்தை துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு வருசா வருசம் எடது காலத்தான நீட்டறாரு? நான்தான பேன்ட்ட மடிச்சி வுடறேன்? அப்ப யாரு மனசு கஷ்டப்பட்டுச்சு பொன்ராஜு அண்ணே? ஆம்பள காலு போனா தியாகம், பொம்பள காலு போனா கூச்சமா?"

"இல்லம்மா, நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"ஃபாதரயே கேட்ருவோம்" என்றாள்.

ஃபாதர் பீடத்துக்குப் பின்னாலிருக்கிற சாக்ரீஸ்டி அறையில் மெழுகுவர்த்தி எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு, "எந்தக் கால்?" என்றார். "இடது" என்றேன். "சரி" என்றார். மறுபடியும் மெழுகுவர்த்தியை எண்ண ஆரம்பித்தார்.

அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவளைக் கேட்காமலே இதையும் செய்திருக்கிறேன் என்று உறைத்தது. "உனக்கு இஷ்டமிருந்தா மட்டும். இஷ்டமாக்கா?" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தாள். "நெயில் பாலிஷ் கீதா?" என்றாள்.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

மத்தியானமே சிவப்பு பாலிஷ் போட்டாள். ஐந்து விரல்தான். "பாத்தியா, மாப்ள வந்தப்புறம் ஒரு பாட்டிலு ரெண்டு மடங்கு வருது." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

கோவிலில் பெயர் கூப்பிட்டதும் அக்கா எழுந்தாள். என் கை தானாக அவள் முழங்கையைப் பிடிக்கப் போனது. எதிரிலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் நடுவழியாகத் தனியாக நடந்தாள். மாப்பிள்ளை டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு போனார். எல்லோரும் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும்.

சிலுவைமுத்து மாமாவுக்கு அடுத்த நாற்காலி. மாமா அவள் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு வந்தார். பாட்டு நின்றுவிட்டது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் அப்போதே அழத் தயாராக முந்தானையைக் கையில் எடுத்துவிட்டாள். அக்கா புடவையை ஒரு சாண் தூக்கினாள். ஃபாதர் கிண்ணத்தை இடது பக்கம் நகர்த்தி வைத்தார். தண்ணீரை ஊற்றினார். துண்டால் துடைத்தார்.

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

சத்தமாக. அவளுக்கு உள்ளங்காலில் கூச்சம். சின்ன வயதிலிருந்தே. பக்கத்தில் படுத்தால் நான் கிச்சுகிச்சு மூட்டுவேன், அவள் உதைப்பாள். நான் மறந்தே போயிருந்தேன். ஃபாதரும் சிரித்துவிட்டார், குனிந்து பாதத்தை முத்தமிட்டார். பக்கத்து அம்மாளுக்கு முந்தானையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

எனக்குத்தான் அழுகை வந்தது. அது அவளுக்காக அல்ல. களைப்பு. உட்கார்ந்தால் எழ முடியாது போலொரு களைப்பு.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

கோவில் வாசலில் ஒரு அம்மா இன்றும் என்னிடம்தான் கேட்டார்: "அக்கா நல்லா கீதா?" அக்கா என் பக்கத்தில். நான் வாயைத் திறக்காமல் அக்காவைப் பார்த்தேன்.

"கீறேன்" என்றாள் அக்கா.

21 ஏப்ரல், திங்கள்

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றேன். "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்க" என்றார்கள். மறுபடியும் சொன்னேன்.

26 ஏப்ரல், சனி

அண்ணனும் அவன் கூட்டாளி டில்லிபாபுவும் பைப்போடு வந்தார்கள். படியில் உட்கார்ந்து வெல்டிங். நெருப்புப் பொறி பறக்க, கட்டிடத்துப் பிள்ளைகளெல்லாம் வேடிக்கை. கம்பி கொஞ்சம் கோணல்.

"இன்னா நைனா, கம்பியே குடிச்சிட்டு நிக்குது?" என்றாள் அக்கா.

"புடிக்கத்தான கேட்ட? ஃபோட்டோ எடுக்கவா?" என்றான் அண்ணன். பிறகு, அவளைப் பார்க்காமல், "ஒயரம் சரியாக் கீதா? கம்மி பண்ணணும்னா சொல்லு" என்றான். அவன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் அக்கா பால் வாங்கத் தனியாக இறங்கினாள். நான் மேல்படியில் நின்றேன். திரும்பிப் பார்க்காமலே, "நிக்காத, உள்ள போ" என்றாள். போனேன். என் தோள் சும்மா இருந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டும். அதுவும் இருக்கிறது. ஆனால் தோள் ஏதோ மாதிரி இருக்கிறது. அவள் சொன்னது சரிதான். அது ஒன்றுதான் என் பெருமையாக இருந்தது.

1 மே, வியாழன்

பெட்டி கட்டுகிறேன். அக்கா நான்கு சுடிதார் தைத்திருக்கிறாள். அளவு கேட்கவே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது.

3 மே, சனி

நாளைக்கு சென்ட்ரலில் ரயில். அண்ணனுக்கு டூட்டி. அம்மாவுக்கு சென்ட்ரல் என்றாலே தலை சுற்றும். பொன்ராஜ் மாமா, தானே வந்து ஏற்றிவிடுவதாகச் சொல்லியனுப்பினார். நல்ல மனிதர். எனக்கு வேண்டாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. செங்கல்பட்டைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. எந்த பிளாட்பாரம், எந்தப் பெட்டி, யாரிடம் கேட்பது? கேட்டால் என் குரல் அவர்களுக்குக் கேட்குமா? அக்கா கல்யாணத்துக்கு முன்னால் இறால் கம்பெனி வேலைக்காக மங்களூர் வரை போய்வந்தவள். டி.டி.ஆரிடமே சண்டை போட்டு ஜன்னல் சீட் வாங்கியவள். அந்த விபத்துக்குப் பிறகு சென்ட்ரல் பக்கம் போனதில்லை. கூட்டம், இடி, படி, பெட்டி.

இந்த மூன்று வருடத்தில் அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நான் கேட்டதில்லை. அவளுக்கு எதற்குச் சிரமம் என்று நானே எழுந்து போய் எடுத்துக் குடித்தேன். எதுவும் கேட்காமல் இருப்பதுதான் அன்பு என்று நினைத்திருந்தேன்.

மிஷின் சத்தம் நின்றுவிட்டது. அவள் நூலை வெட்டுகிறாள். இதை மூடி வைத்துவிட்டுப் போய்க் கேட்கப் போகிறேன். வாசற்படி தாண்டுவதற்குள் குரல் போய்விடக் கூடாது என்பதற்காக, எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அக்கா, எனக்கு பயமா கீது. நாளிக்கி சென்ட்ரல் வரிக்கும் கூட வந்து என்ன ரயிலேத்தி வுடறியா?